40 டிகிரி வெயிலில் இன்ஜின் இல்லாத பந்தயம்

எல்லோருக்கும் வணக்கம். இன்ஜின் இல்லாமல் காற்றில் சறுக்கிப் பறக்கும் கிளைடர் விமானங்களின் பந்தயத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோவுக்கு மேற்கே சுமார் 130 கிலோமீட்டர் போனால் யுவால்டி என்று ஒரு சின்ன ஊர். கோடையில் அங்கே 38, 40 டிகிரி சர்வசாதாரணம். ஊர்க்காரர்களே மத்தியானம் வெளியே தலைகாட்ட யோசிப்பார்கள். அந்தக் கோடையைத் தேடிப் போய்த்தான் 1991-லும் 2012-லும் உலக கிளைடர் சாம்பியன்ஷிப்பை அங்கே நடத்தினார்கள். ஏன் என்றால், இந்த விளையாட்டில் வெயில்தான் பெட்ரோல். இன்ஜின் கிடையாது, சில கிளைடர்களில் திரும்பி வர உதவியாக ஒரு குட்டி இன்ஜின் இருக்கும், ஆனால் பந்தயத்தின் நடுவே அதை முடுக்கினால் அந்த இடத்தில் தரையிறங்கியதாகத்தான் கணக்கு.

வெயில் எப்படிப் பெட்ரோல் ஆகிறது? தரை சூடாகிறது. உழுது போட்ட வயல், பாறை, காய்ந்த புல்வெளி இதெல்லாம் பக்கத்தில் இருக்கும் பச்சை நிலத்தைவிடச் சீக்கிரம் கொதிக்கும். அங்கே ஒட்டியிருக்கும் காற்று லேசாகி, உலைநீரில் அடியிலிருந்து குமிழி கிளம்புவதுபோல மேலே கிளம்பும். இதைத்தான் தெர்மல் என்கிறார்கள். நம் ஊர் உச்சிவெயிலில் பருந்து சிறகை அசைக்காமல் வட்டம் போட்டு ஏறுகிறதே, அது உட்கார்ந்திருப்பதும் இதே தெர்மலில்தான். யுவால்டியில் கழுகுகள் வட்டமிடுவதைப் பார்த்து உலக சாம்பியன்களே அந்தப் பக்கம் கிளைடரின் மூக்கைத் திருப்புவார்கள்.

மேலே போகும் காற்று 100 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1 டிகிரி குளிரும். ஒரு கட்டத்தில் அதிலுள்ள ஈரம் மேகமாகத் திரளும். பந்தயக்காரர்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு எளிது: தரை வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிமட்டம் எத்தனை மீட்டர் என்று தோராயமாக வந்துவிடும். 39 டிகிரி வெயில், 19 டிகிரி பனிநிலை என்றால் 2500 மீட்டர். வெயில் ஏற ஏற மேகம் உயரும், கிளைடருக்கு எட்டும் உயரமும் கூடும். நல்ல பந்தய கிளைடர் ஒன்று 1 கிலோமீட்டர் உயரம் இறங்குவதற்குள் 50 கிலோமீட்டர் தூரம் போய்விடும், அப்படியானால் 2500 மீட்டர் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உயரம் கிடைத்துவிட்டது. பந்தயம் எங்கே இருக்கிறது? சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு பாதையைக் காலையில் கொடுப்பார்கள். திருப்புமுனைகளைத் தொட்டுவிட்டு வேகமாகத் திரும்ப வேண்டும். ஜிபிஎஸ் பதிவுக்கருவி எல்லாவற்றையும் குறித்துவைக்கும். அன்றைக்கு முதலிடம் பிடிப்பவருக்கு அதிகபட்சம் 1000 புள்ளி, மற்றவர்களுக்கு அதற்குத் தக்கபடி. இப்படி இரண்டு வாரம் வரை.

இங்கே ஒரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்: பால் மெக்கிரெடி. 1956-இல் பிரான்சின் சான்-யான் நகரில் உலக சாம்பியன் ஆன அமெரிக்கர். பின்னாளில், 1977-இல், மனிதன் மிதித்தே பறக்கும் காஸமர் காண்டோர் விமானத்தை உருவாக்கியவரும் இவர்தான். அவருடைய கணக்கு இதுதான்: அடுத்த தெர்மல் எவ்வளவு வேகத்தில் தூக்கும் என்று எதிர்பார்க்கிறாயோ, அதை வைத்து இப்போது எவ்வளவு வேகமாகப் பறப்பது என்று முடிவு செய். அதைவிட மெலிந்த தெர்மல் வழியில் வந்தால் நிற்காதே, போய்க்கொண்டே இரு. கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கிறது. ஆனால் 1000 மீட்டர் ஏற வினாடிக்கு 2 மீட்டர் தூக்கும் தெர்மலில் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், 4 மீட்டர் தூக்குவதில் நான்கே நிமிடம். நாலைந்து இடத்தில் இளைத்த தெர்மலில் மாட்டிக்கொண்டால் அன்றைய பந்தயம் கைநழுவிப் போயிற்று. நல்ல தெர்மல் நிச்சயம் கிடைக்கும் என்று நம்பி, கையில் இருக்கும் சுமாரானதை விட்டுவிட்டுப் போவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசியுங்கள், அதுவும் தரை நெருங்கிக்கொண்டே வரும்போது.

இந்த வேகத்துக்காகத்தான் இறக்கைக்குள் தண்ணீர் நிரப்புகிறார்கள். மேலே ஏற வேண்டிய வண்டிக்கு எதற்கு எடை என்று எல்லோரும் கேட்பார்கள். எடை கூடினால் அதே சறுக்கு விகிதத்தை, அதாவது இறங்கும் உயரத்துக்குப் போகும் தூரத்தை, அதிக வேகத்தில் பெறலாம். இறக்கை முனைக்கு முனை 18 மீட்டர் வரை உள்ள பிரிவில் மொத்த எடை 600 கிலோ வரை அனுமதி. ஏறும்போது கொஞ்சம் நஷ்டம்தான், ஆனால் தெர்மல்கள் பலமாக இருக்கும் கோடை மத்தியானத்தில் அந்த நஷ்டத்தை ஓட்டத்தில் வட்டியோடு எடுத்துவிடலாம். மாலையில் வெயில் தணிந்து தெர்மல்கள் தளர்ந்தால் வால்வைத் திறந்து தண்ணீரைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

அப்புறம் யாரும் அதிகம் பேசாத விஷயம், எனக்கு மிக முக்கியமாகப் படுவது: ஓட்டுபவரின் உடம்பு. ஓடுபாதையில் கிளைடர்கள் வரிசையாக நிற்கும். இழுவை விமானம் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுமார் 600 மீட்டரில் விட வேண்டும். வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது, இழுவை விமானமே முக்கி முனகித்தான் ஏறும். அதுவரை காத்திருப்பு. கிளைடர்கள் எல்லாம் வெள்ளையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அழகுக்கு அல்ல, சூடேறினால் இறக்கையின் ரெசின் என்ற பிசின் இளகிவிடும் என்பதற்காக. ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு? மூடிய கண்ணாடிக்கூண்டு, தோளிலும் இடுப்பிலும் பெல்ட், முதுகில் பாரசூட், ஒரு பொட்டு நிழல் கிடையாது. தரைக்குழுவில் ஒருவர் இறக்கைமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், இன்னொருவர் ஓட்டுபவரின் தலைக்கு மேல் குடை பிடிப்பார், ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுவிடுவார். கிளம்பும் கடைசி நிமிடத்தில்தான் கண்ணாடியை மூடுவார்கள். அந்த நிமிடத்துக்குள் சட்டை நனைந்துவிடும்.

மேலே போனதும் 2500 மீட்டரில் 20 டிகிரிக்கு மேல் குறைந்து சுகமாக இருக்கும். ஆபத்தே அங்கேதான். தாகம் தெரியாது, காற்று வறண்டது, உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும். சிறுநீர் கழிக்கும் தொல்லைக்குப் பயந்து வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் என்று எந்த மேடையிலும் சொல்வேன். அதற்கென்று பை இருக்கிறது, குழாய் இருக்கிறது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாலாவது மணி நேரத்தில் மூளை மந்தமானால் மெக்கிரெடி கணக்கு எதற்கு உதவும்? ஒரே தெர்மலில் இருபது கிளைடர்கள் மேலும் கீழுமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது யார் எங்கே இருக்கிறார்கள் என்று கழுத்தைத் திருப்பிப் பார்க்கவே சலிப்பு வந்துவிடும். பக்கத்தில் வருபவரைக் காட்டி எச்சரிக்கும் ஃபிளார்ம் கருவி இப்போது இருக்கிறது, நல்ல விஷயம், ஆனால் அது கண்ணுக்குத் துணை மட்டுமே.

1970-இல் டெக்சஸின் மார்ஃபாவிலும், 1974-இல் ஆஸ்திரேலியாவின் வைக்கரியில் ஜனவரி மாதக் கோடையிலும், இறக்கை நீளத்துக்கு வரம்பில்லாத திறந்த பிரிவில் வென்றவர் ஜார்ஜ் மொஃபாட், பள்ளி ஆசிரியர். தினமும் முதலாவதாக வர முண்டியடிப்பதைவிட எந்த நாளிலும் பெரிதாகக் கோட்டைவிடாமல் இருப்பதுதான் பட்டம் தரும் என்பது அவர் கட்சி. 2012-இல் யுவால்டியில் 15 மீட்டர் பிரிவை வென்ற போலந்தின் செபாஸ்டியன் காவா, தொழிலால் மருத்துவர், பத்துக்கும் மேற்பட்ட உலகப் பட்டங்கள் வாங்கியவர். அப்படிப்பட்டவர்களும் எல்லா நாளும் முதலிடம் பிடிப்பதில்லை. என் கட்சியும் மொஃபாட் கட்சிதான். ஒரு நாள் வயலில் இறங்க நேர்ந்து நூற்றுக்கணக்கான புள்ளிகளை விட்டவர், மீதி நாட்களில் எவ்வளவு பிரமாதமாகப் பறந்தாலும் அதை ஈடுகட்டுவது மிகக் கடினம்.

எப்போது புறப்படுவது என்பதும் தலைவலிதான். தொடக்கக்கோடு திறந்த பிறகு யார் எப்போது வேண்டுமானாலும் கடக்கலாம், கடிகாரம் அப்போதுதான் ஓடத் தொடங்கும். மற்றவர்களை முன்னே விட்டுப் பத்து நிமிடம் பின்னால் கிளம்பினால் தெர்மல் எங்கே இருக்கிறது என்பதை அவர்களே வட்டமிட்டுக் காட்டிவிடுவார்கள். எல்லோருமே அப்படிக் காத்திருந்தால்? சாயங்காலம் தெர்மல் செத்துப்போய்க் கடைசி 60 கிலோமீட்டருக்கு உயரம் போதாமல் வழியில் எங்காவது வயலில் இறங்க வேண்டியதுதான். அப்போது தரைக்குழு டிரெய்லரை இழுத்துக்கொண்டு மண்சாலையில் தேடிப் போவார்கள், பண்ணைக்காரரிடம் வாசற்கதவைத் திறக்கச் சொல்வார்கள், இறக்கைகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு வந்து சேர நள்ளிரவு ஆகலாம். மறுநாள் காலை மறுபடி இறக்கையை மாட்ட வேண்டும், மறுபடி வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும்.

இன்னும் நிறையச் சொல்லலாம், ஆனால் கேள்விகளுக்கு நேரம் விட வேண்டும். பின்வரிசையில் ஒருவர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், அவரிடமிருந்தே தொடங்குவோம்.