பதிவேட்டில் 24, பாயில் 15

(திருமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அங்கன்வாடியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

வந்திருக்கிற தாய்மார்களுக்கும், பேரப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிற அப்பத்தா, அம்மாச்சிகளுக்கும் வணக்கம். வெளியே நிற்கிற அப்பாக்களும் உள்ளே வந்து உட்காருங்கள். உங்கள் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இந்த மையத்தின் பதிவேட்டில் 24 பேர். இன்று காலை பாயில் இருந்தது 15 பேர். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மேடைக்கு வந்தேன். இப்போதிருக்கிற டீச்சரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நான் வேலை பார்த்த காலத்தில் வராத பிள்ளைக்கும் வருகை போட்டிருக்கிறேன். எண்ணிக்கை குறைந்தால் மையத்தை வேறொன்றோடு சேர்த்துவிடுவார்களோ என்ற பயம். அது தப்பு. வராத பிள்ளை வந்ததாக எழுதிவிட்டால், அந்தப் பிள்ளையைத் தேடி யாரும் போக மாட்டார்கள். அதை எனக்குப் புரியவைத்தது பல வருஷம் கழித்து ஒரு குழந்தையின் எடைதான்.

எடை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில்தான் 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் நடத்திப் பார்க்கப்பட்டது. 6 மாதத்திலிருந்து 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு 90 நாள் கூடுதல் சத்துணவு. அதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு இருக்கிறது என்று கேட்கவில்லை. போன மாதம் இதே பிள்ளை எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது, அதைத்தான் பார்த்தார்கள்.

படிப்பிலும் அப்படிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

"டீச்சர், எம்பய இன்னும் ஏ பி சி டி எழுத மாட்டேங்கிறான், வேன்ல போற பிள்ளைக எழுதுதே" என்று கேட்காத அம்மா இல்லை. பார்வையிட வந்த ஓர் அதிகாரியே நாலு வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து, எழுதச் சொல்லி, அழவைத்துவிட்டுப் போனார். நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. நாலு வயதில் அவற்றில் பல இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கைக்கு வேண்டியது களிமண் பிசைவதும், புளியங்கொட்டை பொறுக்குவதும், மணி கோப்பதும். எழுத்து அதற்குப் பின்னால் தானாக வரும்.

ஒரு பையன் வந்தான். இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. மூலையில் உட்காருவான், சாப்பிடுவான், தூங்குவான். பாட்டுக்குக் கைகூடத் தட்ட மாட்டான். ஆனால் ஒருநாள் விடாமல் வந்தான், அவன் அப்பத்தா கொண்டுவந்து விட்டுவிடும். ஒரு முட்டை நாளன்று பந்தியில் திடீரென்று எழுந்து நின்று, "டீச்சர், அவளுக்கு முட்ட வரல" என்றான். பக்கத்தில் இருந்த சிறுபிள்ளைக்காகப் பேசினான். ஆயாம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதுவிட்டார். இன்னொரு பிள்ளையின் தட்டைப் பார்த்தான், குறையைக் கண்டான், முழு வாக்கியமாகச் சொன்னான். இதைவிடப் பெரிய தேர்ச்சி நாலு வயதுக்கு எது? எந்தப் பதிவேட்டிலும் அதற்குக் கட்டம் இல்லை.

அவன் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வந்திருந்தால் அந்த வாய் திறந்திருக்காது. ஒவ்வொரு முறையும் புது இடமாகத்தான் இருந்திருக்கும்.

பிள்ளைகள் ஏன் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். மல்லிகை சீசனில் விடிவதற்கு முன்னே பூ பறிக்கப் போகிறீர்கள். மொட்டு விரிவதற்குள் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். நீங்கள் திரும்பும்போது பிள்ளை எழுந்து, எதையோ தின்றுவிட்டுத் தெருவில் நிற்கும். உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

அரசாங்கத்துக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் நம்மைப் போல் ஊருக்குள் தனியாக நிற்கிற சின்ன மையத்தில் ஒரே டீச்சர்தான் பாட்டும் சொல்லி, எடையும் போட்டு, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவும் கொடுத்து, செல்போனில் கணக்கும் ஏற்ற வேண்டும். காலை உணவுத் திட்டத்தை 2022-இல் நம் மதுரையில்தான் தொடங்கினார்கள். அப்போது அது 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்கும்தான். பசி ஆறு வயதிலா ஆரம்பிக்கிறது? சட்டமும் 6 வயதுக்கு மேல்தான் கல்வியை அடிப்படை உரிமை என்கிறது. அதற்கு முந்தைய வயதுக்கு, அரசு முயல வேண்டும் என்ற அளவில் நிற்கிறது. மனு எழுதி வைத்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

மனுவுக்குப் பதில் வரும்போது வரட்டும். அதுவரைக்கும் நம்மால் முடிந்தது ஒன்று. மேலத்தெருவில் பூவுக்குப் போகிற வீடுகள் ஆறு. அந்தப் பிள்ளைகளை ஒன்பதரைக்கு இங்கே சேர்க்க, கால் நல்லா இருக்கிற அப்பத்தா ஒருவர் போதும். ஒரு வாரம் ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் நான் வருகிறேன். அடுத்த வாரத்துக்கு யார்? கை தூக்குங்கள், பெயர் எழுதிக்கொள்கிறேன்.