ஃபோர்க் கல் மாதிரி ஆகிவிட்டதா? கழற்றிப் பார்த்துவிடலாம்

வணக்கம் மக்களே. பின்னால் சைக்கிள் தலைகீழாக நிற்கிறதே, பஞ்சர் ஒட்டப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். வேண்டுமென்றேதான் கவிழ்த்து வைத்திருக்கிறேன். காரணம் போகப்போகத் தெரியும். இன்றைக்கு விஷயம் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற சஸ்பென்ஷன்.

போன மாதம் ஊட்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வழியில் இறங்கிக்கொண்டிருந்தேன். சின்னச் சின்னக் கற்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் நேராக மணிக்கட்டில் வந்து இடித்தது. 140 மில்லிமீட்டர் டிராவல், அதாவது அவ்வளவு தூரம் அமுங்கக்கூடிய ஃபோர்க், பால்காரர் சைக்கிள் மாதிரி நடந்துகொண்டது. இதில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுதான். அது அதிகமோ என்று அழுத்தத்தை 5 பிஎஸ்ஐ குறைத்தேன். அப்புறம் இன்னொரு 5. கல் இடிப்பது அப்படியே இருந்தது, பிரேக் பிடித்தால் மட்டும் முன்பக்கம் குப்புறக் கவிழப் பார்த்தது. அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். காற்றில் கோளாறு இல்லை, உள்ளே உரசுகிறது.

என்னுடையது ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் பைக் (Pike). சப்டைட்டிலில் படிப்பவர்கள் குழம்ப வேண்டாம். ஃபோர்க்கின் பெயரே பைக்தான், தமிழில் எழுதினால் Pike, bike இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. நான் இனி ஃபோர்க் என்றே சொல்கிறேன்.

இதோ, பளபளவென்று இருக்கிற இந்தக் குழாய்தான் ஸ்டான்ஷன். என்னுடையதில் 35 மில்லிமீட்டர் விட்டம். இது இறங்கி ஏறுகிற கீழ்ப்பகுதி லோயர். இரண்டும் சேருகிற இடத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் உதடு தெரிகிறதா? அது வைப்பர் சீல். அதற்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், ஒரு ஃபோம் ரிங் உட்கார்ந்திருக்கும். எண்ணெயில் ஊறிய ஸ்பாஞ்சு வளையம், அவ்வளவுதான். ஸ்டான்ஷன் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் அதற்கு எண்ணெய் தடவி விடுவது அதன் வேலை. அது காய்ந்துபோனால் எத்தனை ஆயிரம் ரூபாய் ஃபோர்க்கும் இரும்புக் கம்பிதான்.

என்னுடையது ஏன் காய்ந்தது? மழையில் ஓட்டிவிட்டு வந்து, சோம்பேறித்தனத்தில் சைக்கிளை வாட்டர் சர்வீஸில் விட்டேன். அவர் வழக்கம்போல சேறு தெரிந்த இடத்திலெல்லாம் வாட்டர் கன்னைக் காட்டி அடித்தார், சீலுக்கு நேராகவும் சேர்த்து. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்தது ஸ்கூட்டரும் காரும். சைக்கிளைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனவன் நான்.

நேற்றுக் கழற்றினேன். முதலில் காற்றை முழுக்க வெளியே விட வேண்டும். இதை மறந்துவிட்டு போல்ட்டைத் தொடக் கூடாது. அப்புறம், அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழுகிற வேகத்தை மாற்றுகிற ரீபவுண்ட் திருகை உருவிவிட்டு, கீழே இரண்டு கால்களிலும் இருக்கிற போல்ட்டை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. உள்ளே இருக்கிற தண்டு 'டொக்' என்று விடுபடும். அதன் பிறகுதான் போல்ட்டை முழுக்க எடுக்க வேண்டும். கீழே ஒரு பழைய டிரே வைத்திருந்தேன். வலது காலிலிருந்து வந்தது என்ன தெரியுமா? கொஞ்சூண்டு, பால் அதிகமான டீ மாதிரி. எண்ணெயும் தண்ணீரும் கலந்தால் அந்த நிறம். இடது காலில் அதுவும் இல்லை, ஈரம் மட்டும்தான். ஃபோம் ரிங்கை விரலால் அழுத்தினால் ஒரு துளி வரவில்லை. மணல் ஒட்டிக்கொண்டு வந்தது.

துடைப்பதற்கு பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் பிரிந்து உள்ளே போய்விடும். முழுசாக ஒரு பழைய பனியனைக் கிழித்துக்கொள்ளுங்கள். ரிங்கைக் கழுவி, காய வைத்து, புது எண்ணெயில் பிழிந்து பிழிந்து ஊற வைத்தேன். லோயரை மறுபடி பாதி ஏற்றி, போல்ட் ஓட்டை வழியாக சிரிஞ்சில் எண்ணெய். எத்தனை மில்லி, என்ன கிரேடு என்பது மாடலுக்கு மாடல் மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும். நான் சொல்கிற அளவை எடுத்துக்கொள்ளாமல், உங்கள் ஃபோர்க்கின் கையேட்டைப் பாருங்கள். போல்ட் முறுக்க என்னுடையதற்கு 7 நியூட்டன் மீட்டர் அளவில் போதும். கை பலத்தைக் காட்ட வேண்டாம்.

இந்தச் சின்ன சர்வீஸுக்கு ராக்‌ஷாக்ஸ் சொல்கிற கணக்கு 50 மணி நேர ஓட்டம். வாரம் மூன்று மணி நேரம் ஓட்டினால் நான்கு மாதத்துக்கு ஒரு முறை வரும். நான் ஒன்றரை வருடம் திறக்கவே இல்லை.

சரி, இப்போது காற்று. நாம் ஏறி நின்றதும் ஃபோர்க் எவ்வளவு தாழ்கிறது என்பதுதான் சேக். எனக்கு 20 சதவீதம் பிடிக்கும், 140-க்கு 28 மில்லிமீட்டர். ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு, யாரையாவது ஹேண்டில்பாரைப் பிடிக்கச் சொல்லி, பெடலில் எழுந்து நில்லுங்கள். ஸ்டான்ஷனில் மாட்டியிருக்கிற ரப்பர் வளையத்தை, அதாவது ஓ-ரிங்கை, சீல் வரை தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்கி அளந்து பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து அளந்தால் கணக்கு தப்பும். பம்ப் அடிக்கும்போது 20 பிஎஸ்ஐக்கு ஒரு முறை நிறுத்தி, ஃபோர்க்கை நாலைந்து தடவை மெதுவாக அழுத்துங்கள். உள்ளே மேலறைக்கும் கீழறைக்கும் காற்று சமமாக வேண்டும். பம்பைக் கழற்றும்போது வருகிற 'ஸ்ஸ்' சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், அது குழாயில் இருந்த காற்று.

மலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. கோவை 400 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. இங்கே 33 டிகிரியில் 80 பிஎஸ்ஐ அடித்துவிட்டு அங்கே 15 டிகிரியில் இறங்கினால், குளிரால் மட்டும் 5 பிஎஸ்ஐக்கு மேல் போய்விடும். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் 3 பிஎஸ்ஐ போலக் குறைவு என்பதால் கேஜில் பாதி திரும்பி வரும். ஆக 77 பக்கம் நிற்கும். இது பெரிய விஷயமில்லை. லோயருக்குள் மாட்டிக்கொண்ட காற்றுதான் தொல்லை. இங்கே மூடிய காற்று அங்கே வெளியை நோக்கித் தள்ளி, ஃபோர்க் கடைசிப் பகுதிக்குப் போக விடாது. ஃபாக்ஸ் கம்பெனியின் புது 36, 38 ஃபோர்க்குகளில் அந்தக் காற்றை வெளியே விடவென்றே பின்பக்கம் பட்டன் இருக்கிறது. என்னிடம் இல்லை. நுனி மழுங்கிய கேபிள் டை ஒன்றைச் சீலுக்குள் மெல்ல நுழைத்தால் 'புஸ்' என்று போகும். ஸ்க்ரூடிரைவர் பக்கமே போக வேண்டாம், ஸ்டான்ஷனில் கீறல் விழுந்தால் சீல் பாழ்.

சிவப்புத் திருகு ரீபவுண்ட். அழுத்தி விட்டதும் டயர் தரையை விட்டுத் துள்ளினால் வேகம் அதிகம், இரண்டு கிளிக் மூடுங்கள். ரொம்ப மூடினால் அடுத்தடுத்த கற்களில் ஃபோர்க் எழுந்திருக்க நேரமில்லாமல் கீழேயே தங்கிவிடும். ஸ்பிரிங் ஃபோர்க் வைத்திருப்பவர்கள், மேலே இருக்கிற பிரீலோட் திருகைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று நம்ப வேண்டாம். நிற்கிற உயரம்தான் மாறும்.

கவிழ்த்து வைத்த காரணம் புரிந்ததா? எண்ணெய் கீழே இறங்கி ஃபோம் ரிங்கில் ஊறட்டும் என்றுதான். பத்து நிமிடம் ஆகிவிட்டது, நிமிர்த்துகிறேன். கேமராவைக் கொஞ்சம் கீழே காட்டு தம்பி. ஏறி நின்று அளந்ததில் சேக் 27 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்காக மறுபடி பம்பைப் பூட்ட எனக்குப் பொறுமை இல்லை. மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது, மழைக்கு முன்னால் ஒரு சுற்று போய்விட்டு வருகிறேன்.