விதைநெல்லை யார் கொண்டு வருவது?

(பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் பெண்கள் ஐக்கிய சங்க ஆண்டு விழாவில் பேசியது, எழுத்து வடிவில்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் சேகர குருவானவர் ஐயா அவர்களே, சங்கத் தலைவி அம்மா அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, சபை ஊழியர்களே, கமிட்டியாரே, பாடகர் குழுவினரே, வெயிலையும் பார்க்காமல் பந்தல் நிறைய வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, ஓரமாக நிற்கும் அண்ணன் தம்பிமார்களே, எல்லோருக்கும் என் அன்பான வணக்கம்.

ஐயா அவர்கள் காலையிலிருந்து இரண்டு ஆராதனைகளை முடித்துவிட்டு, ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காமல் மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் என்னால் பேச்சைத் தொடங்க முடியாது. மருத்துவர் அம்மா பிரசவ வார்டிலிருந்து நேராக வந்திருக்கிறார்கள். ஊராட்சித் தலைவர் நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை. ஆனாலும் கூப்பிட்ட உடனே வந்துவிட்டார். கோயில் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். பந்தல் போட்ட பிள்ளைகளுக்கும், அசன விருந்துக்கு விடியற்காலை 3 மணியிலிருந்து அடுப்படியில் நிற்கிறவர்களுக்கும் என் நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'உடன்படிக்கையின் அன்பு'. ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து நான்கு காரியங்களைச் சொல்ல நினைக்கிறேன். கர்த்தர் இஸ்ரவேலோடு செய்துகொண்டது எப்படிப்பட்ட கலியாணம் என்பது ஒன்று. அந்த மனைவி செய்த துரோகம் இரண்டு. ஓசியாவின் மூன்று பிள்ளைகளின் பெயர்கள் மூன்று. புதிய ஏற்பாட்டில் சபை மணவாட்டியானது நான்கு.

நம் பெரியவர்கள் சொல்வார்கள், கல்யாணம் ஆயிரம் காலத்துப் பயிர் என்று. இதை நான் மேடைக்கு மேடை சொல்கிறவன். ஓசியாவைப் படிக்கப் படிக்க, அவருக்கென்றே சொன்ன பழமொழியாகத்தான் இது எனக்குப் படுகிறது. ஏனென்றால் அந்தப் புத்தகமே பயிரும் கல்யாணமும் சேர்ந்த புத்தகம். மூத்த மகன் பெயரே யெஸ்ரயேல். 'தேவன் விதைப்பார்' என்று பொருள்.

ஓசியா பேசியது கி.மு. 8-ஆம் நூற்றாண்டில், வடக்கே இஸ்ரவேல் ராஜ்யத்தில். யோவாசின் மகன் யெரொபெயாம் 41 வருஷம் ஆண்டான். எல்லை விரிந்தது, சமாரியாவில் தந்தம் இழைத்த வீடுகள் எழும்பின. அவன் செத்த பிறகு ஏறக்குறைய இருபத்தைந்து வருஷத்துக்குள் ஆறு ராஜாக்கள். அதில் நான்கு பேரை அவர்களுக்குப் பின் வந்தவர்களே வெட்டிப் போட்டார்கள். கடைசியில் கி.மு. 722-இல் அசீரியா வந்து சமாரியாவைப் பிடித்தது. சர்கோன் ராஜா 27,290 பேரைச் சிறைபிடித்துப் போனதாகத் தன் கல்வெட்டில் கணக்கு வைத்திருக்கிறான். அப்படிப்பட்ட காலத்தில்தான் கர்த்தர் ஓசியாவிடம், போய் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள், அவள் உனக்கு உண்மையாக இருக்க மாட்டாள் என்றார். திப்லாயிமின் மகள் கோமேரை அவர் கட்டினார். அந்தக் குடும்பமே உவமை: புருஷன் கர்த்தர், மனைவி இஸ்ரவேல்.

சரி, என்ன துரோகம்? இதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். எகிப்துக்கு நைல் நதி உண்டு. இஸ்ரவேலர் குடியிருந்த எப்பிராயீம் மலைநாடு நம் மானாவாரிக் காடு மாதிரி, வானம் பார்த்த பூமி. முன்மாரியும் பின்மாரியும் தவறினால் கலத்தில் ஒன்றும் இருக்காது. அந்த நாட்டின் பழைய குடிகளான கானானியர் மழைக்குச் சாமியாகக் கும்பிட்டது பாகாலை. சிரியாவின் கடற்கரை ஓரத்தில் ஒரு விவசாயியின் கலப்பை கல்லறை மேல் மோதப்போய், 1929-இல் ராஸ் சம்ராவில் தோண்ட ஆரம்பித்தார்கள். அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் பாகால் மேகத்தின் மேல் ஏறி வருகிறவன், மழையைக் கொண்டு வருகிறவன் என்று பாடி வைத்திருக்கிறார்கள். இஸ்ரவேலர் ஓய்வுநாளில் கர்த்தரையும் கும்பிட்டார்கள், விதைப்புக்கு முன்னால் பாகாலையும் கும்பிட்டார்கள். சமாரியாவில் 1910-இல் ஆர்வர்ட் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. பழைய திராட்சரசம் இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று அரண்மனைக்கு வந்த சரக்குக் கணக்கு. அந்தக் கணக்கில் கர்த்தரின் நாமத்தைச் சேர்த்து வைத்த பெயர்களும் இருக்கின்றன, பாகாலின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர்களும் இருக்கின்றன.

இப்போது இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அந்த மனைவி என்ன சொல்லிப் புறப்படுகிறாள்? எனக்கு அப்பம், எனக்குத் தண்ணீர், எனக்கு ஆட்டுமயிர், எனக்குப் பஞ்சு, எனக்கு எண்ணெய், எனக்குப் பானம் கொடுக்கிற நேசர்கள் பின்னால் போவேன் என்கிறாள். எனக்கு, எனக்கு என்று எத்தனை தரம் வருகிறது, எண்ணிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் நேசம் எங்கேயாவது இருக்கிறதா? மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறது. பண்டத்தைப் பார்த்துத்தான் அவள் நேசரைத் தேர்ந்தெடுத்தாள். அந்தத் தானியத்தையும் எண்ணெயையும் கொடுத்ததே தன் சொந்தப் புருஷன்தான் என்பது அவளுக்குத் தெரியவில்லை. கர்த்தருக்கு வலித்தது அதுதான்.

தாய்மார்களே, பண்டத்தைப் பார்த்து நேசரைத் தேர்ந்தெடுத்ததுதான் இஸ்ரவேலின் பாவம் என்றால், பவுனைப் பார்த்து மருமகளைத் தேர்ந்தெடுக்கிற நம் பாவத்துக்கு என்ன பெயர்?

நான் எங்கே வருகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பதினோரு வருஷமாக இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், மூச்சிருக்கும் வரை பேசுவேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது நடந்தது. எங்கள் ஊரில் ஒரு பனையேறி இருந்தார். பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். விடியுமுன் நாற்பது பனை ஏறி இறங்குவார். அவர் கட்டின பெண், சைக்கிளில் பாத்திரம் விற்க வந்தவனோடு ஒரு நாள் போய்விட்டது. ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டாம். இவர் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பனைக்குப் போவார், வருவார், தானே கஞ்சி காய்ச்சிக் குடிப்பார்.

இரண்டு வருஷம் கழித்துச் செய்தி வந்தது. அந்த ஆள் தூத்துக்குடி பக்கம் ஒரு உப்பளத்தில் அவள் பெயரில் முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான். கடன் தீரும் வரை அவளை விட மாட்டோம் என்கிறார்கள். கடன் 200 ரூபாய். இவர் கையில் 90 ரூபாய்தான் இருந்தது. எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து அப்பாவிடம் 40 ரூபாய் வாங்கினார். மீதிக்கு என்ன செய்வது? மழைக்காலத்துக்கென்று பரண்மேல் வைத்திருந்த கருப்பட்டிச் சிப்பம் இரண்டையும் இறக்கினார். ஒன்று தலையில், ஒன்று இடுப்பில். பஸ்ஸில் கண்டக்டர் சிப்பத்துக்குத் தனி டிக்கெட் போட்டாராம். கணக்குப்பிள்ளையிடம் 120 ரூபாயை எண்ணி வைத்துவிட்டு, மிச்சத்துக்குக் கருப்பட்டியை நிறுத்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

மறுநாள் சாயங்காலம் பஸ் வந்து நின்றது. அவர் இறங்கிவிட்டார். அவள் இறங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊருக்குள் எந்த முகத்தோடு வருவேன் என்று அழுகிறாள். அவர் கண்டக்டரிடம், ஒரு நிமிஷம் பொறுங்க அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, படிக்கட்டில் நின்று கையை நீட்டினார். நான் பார்த்தேன். உப்பு கடித்துக் கடித்து அவள் பாதமெல்லாம் வெடித்துப் போயிருந்தது, செருப்புப் போட முடியாமல் துணி சுற்றியிருந்தாள். வீட்டுக்குப் போய் வேப்பெண்ணெயைச் சுட வைத்து அவரே தடவினார் என்று என் அம்மா சொன்னாள்.

அதோடு முடியவில்லை. மறு ஞாயிறு சபைக் கமிட்டி கூடியது. எந்தக் கல்யாணத்துக்கும் முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு ஓலை வாசிக்கிற சபை. இவளைச் சேர்த்தால் ஊருக்கு இழுக்கு, தள்ளிவிடு, நாலு பவுன் போட்டு நல்ல இடத்தில் நாங்களே பெண் பார்த்துத் தருகிறோம் என்றார் ஒரு பெரியவர். இவர் எழுந்து நின்றார். துண்டு தோளில்தான் இருந்தது, இடுப்புக்கு இறக்கவில்லை. "இவளைக் கெட்டதுக்கு மூணு ஞாயிறு ஓலை வாசிச்சீங்க. தள்ளதுக்கு எந்த ஞாயிறு ஓலை வாசிச்சீங்க? நான் என்ன பவுனைப் பாத்தா கெட்டினேன்?" அவ்வளவுதான். கமிட்டி கலைந்துவிட்டது. கல்யாணம் ஆயிரம் காலத்துப் பயிர் என்று அந்த மனிதர் எந்த மேடையிலும் பேசியதில்லை. அந்தப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சினார்.

இனி ஓசியா மூன்றாம் அதிகாரத்தை வாசியுங்கள். துரோகம் செய்தவளை மறுபடியும் போய் நேசி என்கிறார் கர்த்தர். அங்கே அந்தப் பெண்ணின் பெயர் எழுதவில்லை; நான் கோமேர் என்றே வாசிக்கிறேன். அவளை எவ்வளவு கொடுத்து மீட்டார்? பதினைந்து வெள்ளிக்காசும், ஒன்றரைக்கலம் வாற்கோதுமையும். இந்த வாற்கோதுமை ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரு அடிமையின் விலை யாத்திராகமத்தில் முப்பது வெள்ளி. அதில் பாதிதான் அவர் கையில் ரொக்கமாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. மீதிக்கு வீட்டிலிருந்த தானியத்தை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். அந்த அளவின் பெயரே எபிரெயுவில் கழுதையோடு சம்பந்தப்பட்டது. ஒன்றரைக் கழுதைச் சுமை. அதுவும் கோதுமை இல்லை, ஏழை தின்கிற வாற்கோதுமை. தீர்க்கதரிசி கழுதையை ஓட்டிக்கொண்டு, தன் பெண்டாட்டியை விலைகொடுத்து வாங்கச் சந்தை வழியாகப் போகிறார். கர்த்தருடைய அன்பு எப்படிப்பட்டது என்று கேட்கிறவர்களுக்கு இதற்கு மேல் நான் என்ன காட்ட?

நியாயப்பிரமாணத்தைப் பார்த்தால், புருஷன் தள்ளிவிட்ட பெண் இன்னொருவனுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு முதல் புருஷன் அவளைத் திரும்பச் சேர்க்கக் கூடாது. உபாகமம் 24. எரேமியா அதையே எடுத்துச் சொல்கிறார். சொல்லிவிட்டு, ஆனாலும் என்னிடத்துக்குத் திரும்பி வா என்கிறார் கர்த்தர். இரண்டாம் அதிகாரத்தில், அவளுக்கு நயங்காட்டி, வனாந்தரத்துக்கு அழைத்துக்கொண்டுபோய், பட்சமாய்ப் பேசுவேன் என்கிறார். சீனாய் வனாந்தரத்தில்தான் உடன்படிக்கை என்கிற முதல் கல்யாணம் நடந்தது. இனி என்னைப் பாகாலி என்று கூப்பிடாதே, ஈஷி என்று கூப்பிடு என்கிறார். பாகால் என்றால் எஜமான், உடையவன். ஈஷ் என்றால் புருஷன். நீ என் சொத்து இல்லை, என் மனைவி என்கிறார்.

அப்புறம் சொல்கிறார், உன்னை நித்திய விவாகத்துக்கென்று நியமித்துக்கொள்வேன். நீதியும் நியாயமும் கிருபையும் உருக்க இரக்கமும் உண்மையுமாய் நியமித்துக்கொள்வேன் என்று. எபிரெயுவில் இந்த இடத்தில் இருப்பது பரிசம் போடுகிற சொல். தாவீது மீகாளுக்காகத் தான் கொடுத்த பரிசத்தைச் சொல்லும்போதும் அதே சொல்தான், அதே வேற்றுமை உருபுதான். அதாவது நீதியும் நியாயமும் கிருபையும் இரக்கமும் உண்மையும் மாப்பிள்ளை கொண்டு வருகிற பரிசம். மணமகன் தாம்பாளத்தோடு வருகிறார். கொடுக்க வருகிறார், கேட்க வரவில்லை.

அக்காலத்து வழக்கமே அதுதான். யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருஷம் ஆடு மேய்த்தார். நம் பாட்டன்மாரும் பரிசம் போட்டுத்தான் பெண் எடுத்தார்கள். அந்த வார்த்தை இன்னும் நம் வாயில் இருக்கிறது. காலேப் தன் மகளுக்கு நிலம் கொடுத்தாரே என்று ஒரு அண்ணாச்சி போன வருஷம் என்னை மறித்தார். கொடுத்தார். அக்சாள் தகப்பனிடம் நீரூற்று கேட்டாள், தகப்பன் மகளுக்குக் கொடுத்தார். ஒத்னியேல் கீரியாத்செப்பேர் பட்டணத்தைப் பிடித்து அந்தப் பெண்ணைக் கட்டினவன். பவுன் நிறுத்துக் கட்டினவன் இல்லை. வேதத்தில் சீதனம் என்று எழுதியிருக்கிற இடம் ஒன்று உண்டு. சாலொமோன் பார்வோன் மகளைக் கட்டியபோது, பார்வோன் கேசேர் பட்டணத்தைச் சீதனமாகக் கொடுத்தான். எப்படிக் கொடுத்தான்? அந்த ஊரைச் சுட்டெரித்து, குடியிருந்தவர்களைக் கொன்று, அப்புறம் கொடுத்தான். முதலாம் ராஜாக்கள் 9-ஆம் அதிகாரம். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கல்யாணம் ஆயிரம் காலத்துப் பயிர் என்றால், விதைக்கிறவன்தானே விதைநெல்லைக் கொண்டு வர வேண்டும்? நிலத்தைப் பார்த்து, நீ முதலில் நூறு பவுன் கொடு, ஒரு கார் கொடு, அப்புறம் விதைக்கிறேன் என்று எந்த விவசாயி கேட்பான்? அவளை எனக்கென்று பூமியிலே விதைப்பேன் என்கிறார் கர்த்தர். விதை அவருடையது.

துரோகம் செய்த மனைவி என்ற உவமையை எடுத்துப் பெண்களை மட்டும் அடிக்கிற பிரசங்கங்களை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் நான்காம் அதிகாரம் 14-ஆம் வசனத்தையும் வாசிக்க வேண்டும். உங்கள் குமாரத்திகளைத் தண்டிக்க மாட்டேன், ஆண்களே வேசிகளோடு போகிறார்களே என்று எபிரெயு மூலத்தில் இருக்கிறது. உவமையில் மனைவி இஸ்ரவேல் முழுவதும். ராஜாவும் ஆசாரியனும் கள்ளத்தராசு பிடித்த வியாபாரியும்தான் அந்த மனைவி.

மூன்றாவது, நான்காவது காரியங்களுக்கு நேரம் இல்லை. மணி அடித்துவிட்டார்கள், ஐயா அவர்களும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். லோருகாமா, லோகம்மீ என்ற பெயர்களை நீங்களே முதல் அதிகாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. கொடுத்தாலும் வாங்கினாலும் ஐந்து வருஷத்துக்குக் குறையாத சிறை என்று அதில் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் சபையில் ஓலை வாசிக்கும்போது, தடை உண்டானால் அறிவியுங்கள் என்று மூன்று ஞாயிறு கேட்கிறோம். பெண்ணைப் பெற்றவன் வீட்டை அடகு வைத்து வட்டி கட்டுவதைவிடப் பெரிய தடை என்ன இருக்கிறது? மாப்பிள்ளையும் அவனுடைய பெற்றோரும், ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகே ஓலை வாசிக்க வேண்டும். சேகர மன்றம் இதைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று ஐயா அவர்களிடம் இந்த மேடையிலேயே கைகூப்பிக் கேட்கிறேன்.

அதற்கான விண்ணப்பம் வேப்பமரத்தடி மேசையில் இருக்கிறது. மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் மட்டும் போட்டால் போதாது. மகனைப் பெற்றவர்கள் முதலில் போட வேண்டும். எனக்கு இரண்டு மகன்கள், முதல் இரண்டு கையெழுத்தும் அவர்களுடையது. அசனப் பந்திக்கு வரிசை அந்த மேசையைத் தாண்டித்தான் போகிறது. பேனா இரண்டு கட்டி வைத்திருக்கிறோம்.