1.249,50 யூரோ இணையதளத்தில் 1.25 ஆவது எப்படி?

வணக்கம். வெளிநாட்டு நிறுவனம் எக்செல்லில் போட்டுக் கொடுத்த விலைப்பட்டியலை நம் இணையதளத்தில் அட்டவணையாக ஏற்ற வேண்டும். சின்ன வேலைதான். ஆனால் எண்கள் தப்பாக ஏறினாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. எங்கே தப்புகிறது, எங்கே பிடிப்பது என்று ஒரு ஜெர்மன் கோப்பை வைத்தே பார்த்துவிடலாம்.

[திரையில்: நோட்பேடில் சிஎஸ்வி கோப்பு]

பொருள்;விலை
குழாய்;89,90
பம்பு;1.249,50
மோட்டார்;1.250

நாம் கமா போடும் இடத்தில் ஜெர்மானியர்கள் புள்ளி வைப்பார்கள். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் கமா. ஆக, குழாய் எண்பத்தொன்பது யூரோ தொண்ணூறு சென்ட். பம்பு ஆயிரத்து இருநூற்று நாற்பத்தொன்பது யூரோ ஐம்பது சென்ட். மோட்டார் ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ. தசமத்துக்குக் கமா போய்விட்டதால், நெடுவரிசைகளைப் பிரிக்க அரைப்புள்ளி வந்திருக்கிறது. சிஎஸ்வி என்பது அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு வகை. ஜெர்மன் அமைப்பில் ஓடும் எக்செல், அதை இப்படித்தான் சேமிக்கும்.

இணையப் பக்கங்களின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில், எழுத்தை எண்ணாக மாற்றும் பார்ஸ்ஃப்ளோட் என்ற கட்டளை இருக்கிறது. இந்த விலைகளை அதனிடம் கொடுங்கள்.

[திரையில்: 89,90 → 89 | 1.249,50 → 1.249 | 1.250 → 1.25]

அது இடமிருந்து படித்துக்கொண்டே போகும். புரியாத எழுத்து வந்ததும் அதுவரை படித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். புள்ளியைத் தசமம் என்று எடுத்துக்கொள்கிறது, கமாவைக் கண்டதும் நின்றுவிடுகிறது. இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கினால் பம்பும் மோட்டாரும் 1.25 யூரோ. ஆயிரம் யூரோ பொருள் ஒன்றேகால் யூரோவுக்கு விற்பனைக்கு வந்துவிட்டது!

பலர் உடனே செய்யும் வைத்தியம், கமாக்களை எல்லாம் நீக்கிவிடுவது. அமெரிக்கக் கோப்புக்கு அது சரி. இங்கே செய்தால் குழாயின் விலை 8990. நோயை விட மருந்து மோசம்.

உலகம் முழுக்க ஒரே முறை வைத்திருக்கக் கூடாதா என்று தோன்றும். எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு 2003இல் கூடியபோது, தசமக் குறி புள்ளியாகவும் இருக்கலாம், கமாவாகவும் இருக்கலாம் என்றுதான் தீர்மானித்தது. ஆகவே இந்த வேறுபாடு இருக்கத்தான் போகிறது. நம் நிரல்தான் அதைத் தாங்க வேண்டும்.

[திரையில்: ஒரே எண், நான்கு நாடுகள்]

இந்தியா: 12,34,567.89
ஜெர்மனி: 1.234.567,89
பிரான்ஸ்: 1 234 567,89
சுவிட்சர்லாந்து: 1’234’567.89

பிரெஞ்சு எண்ணைக் கவனியுங்கள். நடுவில் இருப்பது பெரும்பாலும் சாதாரண இடைவெளி அல்ல. வரி உடையாமல் இருப்பதற்கான தனி யூனிகோட் எழுத்து. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சாதாரண இடைவெளியை நீக்கும் கட்டளை அதைத் தொடாது. ஸ்வீடிஷ் கோப்புகளில் கழித்தல் குறியிலும் இதே கதைதான்: நம் விசைப்பலகையில் இருக்கும் சிறு கோடு அல்ல, வேறு எழுத்தாக வரலாம்.

நம் லட்சம், கோடி முறைக்கும் சிக்கல் உண்டு. மூன்று மூன்று இலக்கமாகத்தான் கமா வரும் என்று எழுதிய சரிபார்ப்பு, 12,34,567ஐத் தவறு என்று தள்ளிவிடும்.

சரி, நிரல் தானாகவே கண்டுபிடிக்குமா? ஓரளவுக்கு. ஒரு எண்ணில் புள்ளி, கமா இரண்டும் இருந்தால் வலது ஓரத்தில் இருப்பதே தசமக் குறி. ஒரே குறி இரண்டு முறை வந்தால் அது தசமம் அல்ல. ஒரே ஒரு குறி, அதற்குப் பின்னால் சரியாக மூன்று இலக்கம் இல்லை என்றால் அது தசமம். இந்த விதி இந்திய எண்ணுக்கும் பொருந்தும், ஏனென்றால் நம் கடைசித் தொகுதியும் மூன்று இலக்கம்தான்.

ஆனால் 1.250? ஆயிரத்து இருநூற்று ஐம்பதா, ஒன்றேகாலா? அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் கட்டம் கட்டமாக ஊகிக்கவே கூடாது. நெடுவரிசை முழுவதையும் பாருங்கள். நம் கோப்பில் 89,90 இருக்கிறது. அது ஒன்றே போதும், கமாதான் தசமம். 1.250க்கும் விடை கிடைத்துவிட்டது. ஒரே நெடுவரிசையில் இரண்டு முறையும் கலந்திருந்தால் ஏற்றுவதை நிறுத்தி, எந்த வரிகள் என்று காட்டுங்கள். எல்லாமே 1.250 மாதிரி இருந்தால், கோப்பை ஏற்றுகிறவரிடம் கேளுங்கள்.

[திரையில்: ஏற்றும் பக்கம். “இந்தக் கோப்பில் தசமக் குறி எது?” கீழே முதல் பத்து வரிகளின் முன்னோட்டம்]

என்னைக் கேட்டால், ஊகிக்க முடிந்தாலும் இந்தக் கேள்வி திரையில் இருக்கத்தான் வேண்டும். ஊகித்த விடையை முன்கூட்டியே தேர்வு செய்து வையுங்கள், அவ்வளவுதான்.

இன்னும் எளிய வழி, சிஎஸ்விக்குப் பதிலாக எக்செல்லின் சொந்த வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பையே கேட்டு வாங்குவது. அது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. உள்ளே பம்பின் விலை 1249.5 என்று புள்ளி வைத்துத்தான் இருக்கும், எந்த நாட்டில் சேமித்தாலும். திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பது தனியாக இருக்கும். சிஎஸ்வியில் திரையில் தெரிந்த எழுத்து மட்டும்தான் மிஞ்சுகிறது. ஒரு எச்சரிக்கை: எண்ணை எழுத்தாகவே தட்டி வைத்திருந்தால் எக்ஸ்எல்எஸ்எக்ஸும் காப்பாற்றாது.

சிஎஸ்விதான் கிடைக்கும் என்றால், அதை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். இந்திய அமைப்பில் எக்செல் கமாவில் வெட்டும்; “பம்பு;1.249” ஒரு கட்டத்திலும் 50 அடுத்த கட்டத்திலும் போய் உட்காரும். அந்த நிலையில் சேமித்துவிட்டால் மூலமே போச்சு. தரவு மெனுவில் உரை அல்லது சிஎஸ்வியிலிருந்து எடுக்கும் வழியாகப் போய், நெடுவரிசையின் வகையை மாற்றும்போது ஜெர்மன் மொழி அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், தரவுத்தளத்தில் விலையைத் தசம எண்ணுக்கான டெசிமல் வகையில் வெறும் 1249.50 என்று வையுங்கள். கமாவும் யூரோ குறியும் பக்கத்தில் காட்டும்போது மட்டும். அதற்கு ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் நம்பர்ஃபார்மேட் இருக்கிறது. ஜெர்மன் என்று சொன்னால் ஜெர்மன் முறையில், இந்தியத் தமிழ் என்று சொன்னால் லட்சக் கமாவோடு கொடுக்கும். வரிசைப்படுத்தும் பொத்தான் இருந்தால், அது வெறும் எண்ணை வைத்து வரிசைப்படுத்தட்டும். காட்டும் எழுத்தை வைத்துச் செய்தால் 9க்கு முன்னால் 10 வந்து நிற்கும்.

எண் மாதிரி இருப்பதெல்லாம் எண் அல்ல. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 01067 என்று ஓர் அஞ்சல் குறியீடு உண்டு. எண்ணாக ஏற்றினால் முன்னால் உள்ள சுழியம் போய்விடும். அஞ்சல் குறியீடு, தொலைபேசி எண், பொருள் குறியீடு எல்லாம் எழுத்தாகவே ஏறட்டும்.

[திரையில்: விலை இல்லாத ஒரு வரி]

கடைசியாக, விலை எழுதாமல் விட்ட கட்டம். வெற்று எழுத்தை, எண்ணாக மாற்றும் இன்னொரு ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையான நம்பரிடம் கொடுத்தால் 0 என்று வரும். பொருள் இலவசம் என்று பக்கம் சொல்லும். எண்ணாக மாற்றுவதற்கு முன்பே வெற்றுக் கட்டத்தைப் பிரித்தெடுத்து, தரவுத்தளத்திலும் வெறுமையாகவே வைத்து, அட்டவணையில் “விலைக்கு அழைக்கவும்” என்று காட்டுங்கள்.