220 ரூபாய் டைமரும் எங்கள் வீட்டு டிவி சண்டையும்

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையல் கிடையாது, முழுக்க எரிச்சல்தான். வழக்கம்போல என் கை மட்டும் தெரியும், பையன் வரமாட்டான். "முகத்தைக் காட்டுங்கள்" என்று இன்னமும் கேட்கிறீர்களே, ஃபாஸ்டர் கேரில், அதாவது பெற்றவர்களிடம் இருக்க முடியாமல் இன்னொரு வீட்டில் தற்காலிகமாக வளரும் இவனைப் போன்ற குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். சரி, விடுங்கள்.

நேற்று மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது மேல்வீட்டு அக்கா சொல்கிறார்: "பெத்தவளே அடிக்கிறா, நீ ரெண்டு வெச்சா என்ன? அவனை வளர்க்க மாசம் கவர்மெண்ட்ல 4,000 தர்றாங்கல்ல?" அடிப்பதற்கா தருகிறார்கள்? 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவில் பெற்றவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்றெல்லாம் கிடையாது. பொறுப்பில் இருக்கும் குழந்தையைத் தாக்கி வேதனைப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை. குழந்தைகள் நலக் குழுவிலிருந்து மாதாமாதம் வந்து பார்க்கிறார்கள், அது வேறு.

அதை விடுங்கள், டைமருக்கு வருகிறேன். டிவியை அணைக்கச் சொன்னாலே வீட்டில் சண்டை, அதற்காகத்தான் வாங்கினேன். தி.நகர் ரங்கநாதன் தெரு, தக்காளி வடிவம், சாவி மாதிரி திருகுவது. 400 என்றான். நான் நகர்ந்தேன், 300 என்றான். மூன்று கடை தள்ளிப்போய்த் திரும்பி வந்து 220-க்கு முடித்தேன். வெயிலில் முக்கால் மணி நேரம்! பையனே திருகி வைப்பான், கிர்ர்ர் என்றதும் அவனே டிவியை அணைப்பான். முதல் நாள் மட்டும் நான் பார்க்காத நேரத்தில் மூன்று தடவை மறுபடி திருகி நேரத்தைக் கூட்டிவிட்டான், திருடன்.

ஐயோ, முக்கியமானதைச் சொல்லவில்லை. அவன் வந்த வாரம், ஃபேன் சுவிட்சைப் போடக் கையைத் தூக்கினேன். ரெண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். சுவிட்சுக்குத்தான் தூக்கினேன்! அன்றையிலிருந்து அவன் பக்கத்தில் நின்று கையை ஓங்கி எதையும் எடுப்பதில்லை.

அவன் அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை. முதுகைச் சொறிந்துவிட்டால்தான் தூங்குவான் என்று சொல்லித் தந்ததே அவள்தான். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்திருந்தாள். தக்காளி கத்தியது, இவன் எழுந்துபோய் டிவியை அணைத்தான். அவள் டிவியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் டைமரை எடுத்துப் புரட்டிப் பார்த்து, "எவ்வளவு அக்கா?" என்றாள்.

பெருமையாக 220 என்றேன்.

"நூத்தம்பதுக்கே குடுத்திருப்பானே!"

அடுத்த தடவை தி.நகருக்கு இவளைக் கூட்டிக்கொண்டுதான் போகப் போகிறேன்.