மணலுக்கும் சகதிக்கும் ஒரு தடித்த டயர்

நேயர்களுக்கு வணக்கம்.

போன தை மாதம் ஒருநாள் விடியற்காலை, கன்னியாகுமரி மாவட்டத்துச் சொத்தவிளை கடற்கரையில் என் புது ஃபேட் பைக்கோடு, அதாவது தடித்த டயர் வைத்த சைக்கிளோடு, நின்றேன். ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டு நின்றேன். கரையில் நின்று கரமடி வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து டயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தது. "காத்த எறக்கி விடு மக்கா" என்றார். இறக்கினேன். ஓடியது. பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கியபோது கடையில் யாரும் சொல்லாத விஷயம் அது.

இந்த வண்டி பனிக்காக உருவானது. அலாஸ்காவில் பனிமேல் சைக்கிள் ஓட்டியவர்கள் ரிம்மை அகலமாக்கிப் பார்த்ததில் தொடங்கி, 2005-ல் சர்லி என்ற அமெரிக்க நிறுவனம் பக்ஸ்லி என்ற மாடலைக் கடைக்குக் கொண்டுவந்தது. நம் ஊரில் பனி கொட்டாது. நமக்குக் குளிர்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் குழைந்த செம்மண்ணும், அது ஓய்ந்ததும் வரும் மார்கழி, தை அதிகாலையும்தான். ஆனால் பனிக்கும் மணலுக்கும் சகதிக்கும் கணக்கு ஒன்றுதான். ஆளும் வண்டியுமாக 90 கிலோ என்று வையுங்கள். 50 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு) காற்றில் இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடுவது ஏறத்தாழ 4 சதுர அங்குலம், இரண்டு தீப்பெட்டி அளவுகூட இல்லை. அதையே 8-க்கு இறக்கினால் 25 சதுர அங்குலம், விரித்த உள்ளங்கை இரண்டளவு. அதனால்தான் மணலில் புதையாமல் போகிறது. மெலிந்த டயரில் இந்த அளவு காற்றை இறக்கினால் ரிம் தரையில் இடிக்கும். நாலு அங்குல டயர் தாங்கும். மணலுக்கு 6 முதல் 8, மண் தடத்துக்கு 10 முதல் 12, தார் ரோட்டுக்கு 15-க்கு மேல் என்பது என் பழக்கம். சாதாரணப் பம்பின் மீட்டரில் இந்த எண்களைப் படிக்கவே முடியாது. 30 வரை மட்டும் காட்டும் சின்ன கேஜ் ஒன்றை வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

இனி காசு விஷயம். கையில் பணம் குறைவாக இருந்தால் முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையில் (ஃபோர்க்) ஸ்பிரிங் வைத்த வண்டியைத் தொடாதீர்கள். அந்த விலையில் வருகிற ஸ்பிரிங் எடையைக் கூட்டும், உப்புக்காற்றில் சீக்கிரம் இறுகிப்போகும். டயரே போதுமான ஸ்பிரிங். 21 கியர் என்ற ஸ்டிக்கருக்கும் மயங்க வேண்டாம். ஆனால் கியரே இல்லாத வண்டி கடற்கரைக்குச் சரி, குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஏற்றங்களில் முழங்காலை வாங்கிவிடும். பின்னால் மட்டும் ஏழெட்டுப் பல்சக்கரம், அதில் பெரியது நல்ல பெரியதாக இருந்தால் போதும்.

நான் பழைய வண்டிதான் வாங்கச் சொல்வேன். பிள்ளைக்கு ஆசைப்பட்டு வாங்கி, கனம் தாங்காமல் வராந்தாவில் சாத்தி வைத்த ஃபேட் பைக் நம் மாவட்டத்தில் எத்தனையோ வீட்டில் நிற்கிறது. பார்க்கப் போனால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கடகடவென்றால் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், பேரிங் போயிருக்கிறது. சுற்றிவிட்டு ரிம் நெளிகிறதா என்று பாருங்கள். லேசான நெளிவு என்றால் நம் ஊர்க் கடையிலேயே கோட்டம் எடுத்துவிடுவார்கள். பெடல் தண்டையும் அசைத்துப் பாருங்கள். இந்த வண்டியில் அந்தத் தண்டு சுழலும் அச்சு சாதாரண சைக்கிளைவிட நீளம், எல்லாக் கடையிலும் கிடைக்காது. கடைசியாக டயருக்கும் பின்சட்டத்துக்கும் நடுவே விரலை விடுங்கள். விரல் போகவில்லையென்றால் செம்மண் சகதி அப்பிச் சக்கரமே சுற்றாது. நான் பேச்சிப்பாறை பக்கம் ஒரு குச்சியால் சகதியைக் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டே ஒரு கிலோமீட்டர் நடந்திருக்கிறேன்.

தடத்தைப் பற்றி ஒன்றிரண்டு. வனத்துறை எல்லைக்குள் அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். தோட்டத்துக்குள் போவதற்கும் கேட்டுக்கொள்ளுங்கள். தை பிறந்து ரப்பர் இலை உதிரத் தொடங்கினால் தடம் முழுக்க மெத்தை மாதிரி இருக்கும், அடியில் வேரும் குழியும் தெரியாது, வேகம் வேண்டாம். விடியும் முன்னே நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்கள் மரத்துக்கு மரம் நடப்பார்கள். இந்த டயர் இலைமேல் சத்தமே போடாது. ஆகவே பெல் இல்லாத வண்டி வாங்கினால் முதல் செலவு பெல்லாக இருக்கட்டும்.

கடற்கரைக்குப் போய்வந்த நாளில் நல்ல தண்ணீரை மேலிருந்து மெல்ல ஊற்றிக் கழுவுங்கள். ஹப்பை நோக்கிப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். செயினைத் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நான் விட்டுப் பார்த்திருக்கிறேன். மறுநாள் செயினில் பாதிக் கடற்கரை ஒட்டியிருந்தது.

வணக்கம்.