தாமரைக்கு யார் பங்காளி?

அன்பார்ந்த நேயர்களுக்கு என் வணக்கம்.

செடிகொடிகளில் எதற்கு எது உறவு என்று ஆராய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவன் நான். அந்த வேலையைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டபோது மூன்று செய்திகளைச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். முதலாவது தாமரையும் ஆம்பலும். இரண்டாவது தேக்கும் துளசியும். மூன்றாவது, உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் ஹெர்பேரியங்கள் இந்தக் காலத்தில் எதற்கு என்பது. என் ஆராய்ச்சி தாமரைக் குளத்தில்தான் தொடங்கியது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆம்பல் என்று நான் சொல்வது நீங்கள் அல்லி என்று சொல்லும் பூவைத்தான். ஒரே குளத்தில் இரண்டும் இருக்கும். இரண்டுக்கும் சேற்றில் கிழங்கு, நீண்ட காம்பு, வட்டமான இலை, அடுக்கடுக்கான இதழ். பார்த்தவுடன் யாரும் இவை அண்ணன் தம்பி என்றுதான் சொல்வார்கள். அறிவியலும் அப்படித்தான் சொன்னது. தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், 1753இல் வெளியிட்ட தம் பெருநூலில் தாமரையை ஆம்பலின் பேரினமான நிம்பேயாவிலேயே சேர்த்தார். பிறகு வந்தவர்கள் தாமரைக்கு நெலும்போ என்று தனிப் பேரினம் கொடுத்தார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பெந்தமும் ஹூக்கரும் வகுத்த முறையில் இரண்டும் ஒரே குடும்பத்தில்தான் இருந்தன. அம்முறையைத் தழுவி கேம்பிள் சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூல்தான் எங்கள் தலைமுறை மாணவர்களுக்கு வழிகாட்டி. நானும் தேர்வில் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினேன்.

1974ஆம் ஆண்டு, முதுகலை மாணவனாக இருந்தபோது, நீர்த்தாவரங்களைச் சேகரிப்பதற்காகக் கும்பகோணத்திற்கு அருகே ஒரு கிராமத்துக் குளத்திற்குப் போயிருந்தேன். அந்தக் குளத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தாமரைப்பூவும் இலையும் பறித்து விற்றுவந்த ஒரு பெரியவர், இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, எனக்காக ஒவ்வொரு செடியாகக் கிழங்கோடு பிடுங்கிக் கொடுத்தார். நான் கரையில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாள்களுக்கு இடையே அவற்றை விரித்து வைத்து, இரண்டும் ஒரே குடும்பம் என்று குறிப்பேட்டில் எழுதுவதைப் பார்த்தவர், என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. “ரெண்டும் ஒரே குடும்பம்னு யாரு தம்பி சொன்னா? ஆம்பல் பூத்து முடிஞ்சா தலைய தண்ணிக்குள்ள இழுத்துக்கிட்டுப் போயி உள்ளேயே காய்க்கும். தாமரை அப்படி இல்ல, காய் முத்துற வரைக்கும் தண்ணிக்கு மேலதான் நிக்கும். பூக்கிறது ஒண்ணுபோல இருந்தா ஆச்சா? காய்க்கிறத பாக்க வேணாமா?”

சொல்லிவிட்டு, நீருக்குள் கையை விட்டுத் துழாவி, சுருண்ட காம்போடு ஓர் ஆம்பல் காயை எடுத்துக் கொடுத்தார். அதை என் கத்தியால் நறுக்கிப் பார்த்தேன். பஞ்சு போன்ற சதைக்குள் கடுகைப் போன்ற விதைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பக்கத்திலேயே தாமரைப் பொகுட்டு கிடந்தது. அதன் தட்டையான மேற்பரப்பில் குழி குழியாக அறைகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரே ஒரு கொட்டை, ஒன்றோடொன்று ஒட்டாமல். கோயில் வாசல் கடைகளில் தாமரைமணி மாலை விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மணி ஒவ்வொன்றும் இப்படித் தனிக்குழியில் விளைந்ததுதான். ஆம்பலின் சூலகமோ அறைகளெல்லாம் இணைந்து ஒரே உருண்டையாக ஆனது. நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் தனித்தனிக் கொட்டை, மற்றதில் ஒரே காய்க்குள் பல விதை. பெரியவர் இதைப் பாடமாகப் படித்ததில்லை. ஆண்டு முழுவதும் அந்த நீரில் நின்றதால் அறிந்திருந்தார்.

ஊருக்குத் திரும்பி மகரந்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது வேறுபாடு இன்னும் ஆழமாகத் தெரிந்தது. தாமரையின் மகரந்தத்தூளில் மூன்று பிளவுகள் உள்ளன; அவரை, மா, வேம்பு, பருத்தி என்று நாம் அன்றாடம் காணும் இருவித்திலைத் தாவரங்களில் பெரும்பாலானவற்றின் முன்னோரிடமிருந்து வந்த அமைப்பு அது. ஆம்பலின் மகரந்தத்தில் அந்த மூன்று பிளவுகள் இல்லை. வளையம் போல ஒரே பள்ளம்தான் ஓடுகிறது. இப்படிப்பட்ட வேறுபாடுகளைக் கண்டவர்கள் என்னைப் போன்ற மாணவர்கள் மட்டுமல்லர். சோவியத் நாட்டு ஆர்மீனிய அறிஞர் தக்தாஜான் தாமரையைத் தனி வரிசையாகவே, அதாவது குடும்பத்திற்கும் மேலான தொகுதியாகவே, பிரித்திருந்தார். அமெரிக்கரான குரோன்குவிஸ்ட் தனிக் குடும்பமாகப் பிரித்தாலும் ஆம்பல் வரிசைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஆம்பலிடமிருந்து தாமரையைப் பிரிக்கலாம் என்று பலருக்கும் தோன்றியது. பிரித்தால் யாருடைய வீட்டில் கொண்டுபோய் விடுவது என்பதுதான் விளங்கவில்லை.

அந்த விடை 1993இல் வந்தது. 42 ஆய்வாளர்கள் சேர்ந்து, 499 விதைத்தாவர இனங்களில், இலையின் பசுங்கணிகத்தில் உள்ள ஒரே ஒரு மரபணுவை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, ஒரு பெரிய வம்சாவளியை வெளியிட்டார்கள். அந்த ஆய்விதழ் எங்கள் துறை நூலகத்திற்கு வந்த அன்று, மற்ற பக்கங்களைப் புரட்டாமல் தாமரை எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடினேன். ஆம்பலுக்குப் பக்கத்தில் இல்லை. காஷ்மீரத்துச் சினார் மரத்திற்கும், புரோட்டியேசி என்னும் குடும்பத்திற்கும் பக்கத்தில் இருந்தது. புரோட்டியேசி என்றால் வேறெங்கோ இருப்பது என்று எண்ண வேண்டாம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலும் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் நிழலுக்காக வளர்க்கிறார்களே சில்வர் ஓக், இலையின் அடிப்புறம் வெள்ளி போல மினுங்கும் அந்த ஆஸ்திரேலிய மரம், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். குளத்துத் தாமரையின் பங்காளி மலைமேல் நிற்கும் மரம். எனக்கு அன்று இரவு உறக்கம் வரவில்லை.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? ஒரே தெருவில் நெடுநாள் குடியிருப்பவர்கள் பேச்சிலும் நடையிலும் ஒத்துப்போவார்கள். அதனால் அவர்கள் பங்காளிகள் ஆகிவிட மாட்டார்கள். வேலைக்காக வெவ்வேறு ஊர்களுக்குப் போன பங்காளிகள் உடையிலும் பேச்சிலும் மாறிப்போவார்கள்; அதனால் உறவு அற்றுப்போவதில்லை. சேற்றில் காற்றில்லை, ஆகவே அங்கே வாழ வரும் செடி எதுவாக இருந்தாலும், காம்புக்குள் குழாய் குழாயாகக் காற்றறை வைத்துக்கொண்டு வேருக்கு மூச்சு அனுப்பியாக வேண்டும். ஆம்பல் ஒரு வழியாக அங்கே வந்து சேர்ந்தது, தாமரை வேறு வழியாக வந்து சேர்ந்தது. நீர்வாழ்க்கை இரண்டுக்கும் ஒரே தோற்றத்தைக் கொடுத்தது. மீண்டும் சொல்கிறேன், தோற்றம் வாழும் இடம் கொடுப்பது. உறவு வழிவழியாக வருவது. தாமரையும் சில்வர் ஓக்கும் பிரிந்தே 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆம்பலின் கிளை அதற்கும் வெகுகாலம் முன்பு, பூக்கும் தாவரங்களின் அடிமரத்திலிருந்தே பிரிந்தது. நியூ கலிடோனியத் தீவில் வளரும் ஆம்போரெல்லா என்னும் சிறுமரத்தோடு ஆம்பல் வரிசையும் அந்த அடிமரத்தின் மிகப் பழைய கிளைகளில் ஒன்று என்பதை 1999இல் வெவ்வேறு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன.

ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. லின்னேயஸ் ஒரே பேரினத்தில் வைத்த இரண்டையும் நம் மொழி ஒருநாளும் ஒன்றாக வைக்கவில்லை. பகலில் மலர்வது தாமரை, இரவில் மலர்வது ஆம்பல் என்று இரு வேறு சொற்களாலேயே நம் முன்னோர் அழைத்தார்கள். இரண்டையும் நீரில் நின்று பறித்தவர்கள் வைத்த பெயர்கள் அவை என்றே நான் நம்புகிறேன்.

1993க்குப் பிறகு வகுப்பில் ஒரு சங்கடம் ஏற்பட்டது. பாடத்திட்டத்தில் பழைய முறை. ஆய்விதழில் புதிய முறை. உலக அளவில் வகைப்பாட்டறிஞர்கள் கூடி 1998இல் மரபணு அடிப்படையிலான குடும்பப் பட்டியலை வெளியிட்டு, 2003, 2009, 2016 ஆகிய ஆண்டுகளில் அதைத் திருத்தினார்கள். நான் ஓய்வுபெறும்வரை, தேர்வுக்குப் பெந்தம், ஹூக்கர் முறையையும், உண்மைக்குப் புதிய முறையையும் சேர்த்தே கற்பித்தேன். அது மாணவர்களுக்குப் பாரமாக இருந்தது என்பதை அறிவேன். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாள் வகுப்பை மூடிவிட்டு அவர்களைக் குளத்திற்கு அழைத்துப் போய், ஆம்பல் காயையும் தாமரைப் பொகுட்டையும் அவர்கள் கையாலேயே நறுக்கச் செய்தேன். அதன்பின் இரண்டு முறைகளையும் அவர்கள் குழப்பிக்கொண்டதில்லை.

நேரம் முடியப்போவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். ஹெர்பேரியங்களைப் பற்றி விரிவாகப் பேச இயலாமல் போகிறது. கோயம்புத்தூரில் உள்ள மதராஸ் ஹெர்பேரியத்தின் தாள்களை எத்தனையோ முறை பணிந்து புரட்டியவன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தேக்கும் துளசியும் மீதமிருக்கின்றன. முன்பு வேறு குடும்பத்தில் இருந்த தேக்கையும் நொச்சியையும் இப்போது துளசியின் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். வீட்டுத் துளசியின் இளந்தண்டை இரு விரல்களுக்கிடையே மெல்ல உருட்டிப் பாருங்கள், நான்கு பக்கமாக இருக்கும். பிறகு தேக்கின் இளங்கிளையையும் நொச்சியின் இளந்தண்டையும் அப்படியே உருட்டிப் பாருங்கள். வணக்கம்.